டிசம்பர் 5: அந்த மன்னரின் பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் நாள் உலக மண் நாளையொட்டித் தமிழ் நாளிதழ்களில் சிறப்புக் கட்டுரைகளும், விவசாயிகளுக்கு மண்வள அட்டை வழங்கும் விழாப் படங்களும் வெளிவருகின்றன. மண் பரிசோதனை, பசுந்தாள் உரம், தழைச்சத்தின் அளவு என்று எல்லாமே விளக்கப்படுகின்றன. இந்த நாளை ஏன் டிசம்பர் 5-இல் வைத்தார்கள் என்பதை மட்டும் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. அது தாய்லாந்து மன்னர் பூமிபோல் அதுல்யதேஜின் பிறந்தநாள்.

மன்னரின் பிறந்தநாளை அவருடைய நாடு விடுமுறை விட்டுக் கொண்டாடுவது இயல்பு. இங்கே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் மண்ணியல் அறிஞர்கள். மண்ணுக்கென ஒரு நாள் வேண்டும் என்று 2002-இல் பன்னாட்டு மண்ணியல் சங்கங்களின் ஒன்றியம் முன்மொழிந்தது. 2013 ஜூனில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மாநாடு அதை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவிக்க, 2014 முதல் அது முறைப்படி கடைப்பிடிக்கப்படுகிறது. அப்போது மன்னர் உயிரோடு இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மரியாதையின் அளவு விளங்கும்.

1946 ஜூன் 9 அன்று 18 வயதில் அரியணை ஏறிய பூமிபோல், 2016 அக்டோபர் 13 அன்று மறையும்வரை 70 ஆண்டுகள் மன்னராக இருந்தார். தாய்லாந்தில் 1932-லேயே முடியாட்சி அரசியலமைப்புக்கு உட்பட்டதாகிவிட்டதால், அவர் கையில் நேரடி ஆட்சி அதிகாரம் அதிகம் இல்லை. அவர் செய்ததெல்லாம் ஊர் ஊராகப் போனதுதான். கழுத்தில் கேமரா, கையில் தாமே ஒட்டிச் சேர்த்த பெரிய நிலவரைபடம், குறிப்பெடுக்க ஒரு பென்சில், எதிரே தரையில் அமர்ந்து வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லும் கிராமத்து மனிதர்: இப்படித்தான் தாய்லாந்து மக்கள் வீடுகளிலும் கடைகளிலும் அவருடைய படத்தை மாட்டியிருக்கிறார்கள். மூக்கு நுனியில் வியர்வைத் துளி தொங்கும் படம் ஒன்று அந்நாட்டில் அறியாதவர் இல்லை.

மண்ணுக்கு அவர் செய்தவற்றில் நாராதிவாத் மாகாணத்து வேலை ஒன்றையாவது நம் விவசாயிகள் அறிய வேண்டும். தெற்குக் கோடியில் உள்ள அந்தப் பகுதியின் சதுப்பு நிலங்களில் நீரை வடித்துப் பயிர் செய்ய முயன்றார்கள். அடியில் புதைந்திருந்த கந்தகச் சேர்மம் காற்றுப் பட்டவுடன் கந்தக அமிலமாக மாறியதால் நெல் கருகியது. விவசாயிகள் நிலத்தைக் கைவிட்டார்கள். பிக்குன் தோங் ஆய்வு மையத்தில் மன்னர் சொன்ன வழி விசித்திரமானது. குணப்படுத்தும் முன் மண்ணைச் சீண்டிப் பாருங்கள் என்றார். வயலை மாறி மாறிக் காயவிட்டும் நனைத்தும், பல ஆண்டுகளில் வரக்கூடிய அமிலத்தைக் குறுகிய காலத்திலேயே உச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நிலையிலும் எது பலன் தருகிறது என்று சோதித்து, நல்ல நீரால் மண்ணைக் கழுவுவது, சுண்ணாம்புச் சத்து இடுவது, கந்தக அடுக்கு மறுபடி காற்றைப் பார்க்காதபடி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி வைப்பது என்ற முறையை வகுத்தார்கள். கைவிடப்பட்ட நிலத்தில் மீண்டும் நெல் விளைந்தது. நம் கடலோர மாவட்டங்களின் தொல்லை பெரும்பாலும் உவர்ப்பு என்பதால் இந்த மருந்து அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் கேரளத்தின் குட்டநாட்டில் இதே வகை அமில மண் உண்டு.

இன்னொன்று வெட்டிவேர். கடலூர்ப் பக்கத்து மணலில் நாம் அதை வேருக்காகவே வளர்த்துத் தோண்டி விற்கிறோம். பூமிபோல் 1990-களின் தொடக்கம் முதல் அதைத் தோண்டாமல் விடச் சொன்னார். சரிவு நிலத்தில் சம உயரக் கோட்டில் நெருக்கமாக நட்டால், வேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கி மண்ணைக் கட்டிப்பிடிக்கும். மேலே புல்வரிசை மழைநீரின் வேகத்தைத் தடுத்து வண்டலை நிறுத்தும். செலவில்லாத வேலி. வட தாய்லாந்தின் சியாங் ராய் நகரில் 1996-இல் வெட்டிவேருக்காகவே பன்னாட்டு மாநாடு கூட்டும் அளவுக்கு இது வளர்ந்தது. பண்ணைக்குட்டைக்கு மானியம் கொடுக்கும் நம் அதிகாரிகளுக்கு, சிறு விவசாயியின் நிலத்தில் 30 விழுக்காட்டைக் குளத்துக்கும், தலா 30 விழுக்காட்டை நெல்லுக்கும் மரம், காய்கறிகளுக்கும், மீதி 10 விழுக்காட்டை வீடு, தொழுவத்துக்கும் பிரித்த அவருடைய கணக்கும் பயன்படும்.

மன்னராட்சிக்குப் பரிந்து பேச நான் இதை எழுதவில்லை. அவர் காலத்தில் ராணுவம் பலமுறை ஆட்சியைக் கைப்பற்றியது. அரச குடும்பத்தை இழிவுபடுத்தியதாகச் சொல்லிச் சிறையில் தள்ளும் சட்டம் இன்றும் இருக்கிறது. அவற்றைப் பற்றி எழுப்பப்படும் கேள்விகள் நியாயமானவையே. அந்தக் கேள்விகளோடேயே, அவர் வயலில் இறங்கி நடந்த ஆண்டுகளையும் பதிவு செய்யலாம் என்பது என் கருத்து.

பாங்காக் அரண்மனைச் சடங்கில் திருவெம்பாவை ஓதப்படுவதைப் பற்றி மார்கழி வந்தால் பெருமையோடு எழுதுகிறோம். அதற்குச் சில நாள் முன்னால் வரும் மண் நாளில் அதே நாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு மண் நாளுக்காக வழங்கும் விருது பூமிபோல் பெயரில்தான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றது நம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்.

எனவே, அடுத்த டிசம்பர் 5 அன்று தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அவர் படத்தோடு ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். நாராதிவாத் முறையை விளக்க மண்ணியல் பேராசிரியர் ஒருவரிடம் எழுதி வாங்கினால் நல்லது. மாவட்ட வேளாண் அலுவலகங்களும் விழாப் பந்தலில் ஒரு பதாகை வைக்கலாம். மண்வள அட்டை வாங்க வரும் விவசாயி வரிசையில் நிற்கும் நேரத்தில் அதைப் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
மன்னார்குடி