சேர வேண்டிய தேதி

கொழிஞ்சாம்பாறை,
மார்ச் 12

அன்புள்ள செல்விக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். வேலை கிடைத்த செய்தியை மட்டும் தொலைபேசியில் அவசரமாகச் சொல்லிவிட்டு, விவரமாக எழுதுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். இப்போது எழுதப்போவது அன்று நினைத்த விவரம் அல்ல. பிப்ரவரி 16 அன்று காலையில், பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். இடது தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்துவிட்டது. வேலந்தாவளம் வழியாக ஆம்புலன்சில் கோவைக்குக் கொண்டுபோனோம். 18ஆம் தேதி பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வலி குறைந்திருக்கிறது, பசி எடுக்கிறது, என்னைத் திட்டவும் தொடங்கிவிட்டார். ஆகவே நீ பதற வேண்டாம். ஆனால் ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, பிறகு வாக்கர் பிடித்துப் பழகித் துணையில்லாமல் நடமாட மூன்று மாதமாவது ஆகும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நானோ, மார்ச் 28க்குள் ஷார்ஜாவில் உள்ள பள்ளியில் வேலைக்கு வந்து சேருகிறேன் என்று ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

உன் பெரியவனுக்குத் தேர்வு நேரம் என்பது நினைவிருக்கிறது. அவனை அதட்டாதே, நீ விடுதியில் தேர்வுக்கு முதல் நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஜன்னலோர டீச்சர் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார், கையில் அதே குடை. உன்னைக் கேட்டார். மற்றவையெல்லாம் நேரில்.

இந்த மூன்று வாரமாக என் மனத்தை அரித்த ஒரே காரியம் அந்தப் பள்ளிக்கு எழுத வேண்டியிருந்த கடிதம்தான். அம்மாவின் எலும்பைப் பற்றி மருத்துவர் கவலைப்பட்டார். மருந்துக்கும் கட்டிலுக்கும் தம்பி திருப்பூரிலிருந்து பணம் அனுப்பினான். இந்தக் கடிதத்தை மட்டும் நான்தான் எழுத வேண்டும். வேலையில் சேருவதற்கு முன்பே, முகம் பார்த்துப் பழகாத ஒருவரிடம், நான் சொன்ன தேதியில் வர முடியாது என்று எப்படிச் சொல்வது? பதினொரு வருடமாக இங்கே பாடம் நடத்துகிறேன். ஒரு நாள்கூட முதல் மணிக்குப் பிந்திப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு, அங்கே என் பெயர் முதன்முதலாகப் பேசப்படுவதே தாமதம் கேட்டவள் என்றுதான் இருக்கும் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

முதலில் எழுதியது மூன்று பக்கம் வந்தது. விழுந்த கல், ஆம்புலன்ஸ், இரத்தம் ஏற்றியது, தம்பியின் வேலை, அப்பா இல்லாதது எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் எடுத்துப் படித்தபோது, வேலை தருகிறவர் இதில் எதைத் தேட வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. நான் எப்போது வருவேன் என்ற ஒன்றைத்தான் அவர் தேடுவார். அது மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. இரண்டாவதாக எழுதியது சுருக்கம்தான், ஆனால் அதில் தேதியே இல்லை: தாங்கள் கருணை கூர்ந்து எவ்வளவு நாள் தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று முடித்திருந்தேன். பணிவாக இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: நான் முடிவு செய்ய வேண்டியதை அவர் தலையில் தூக்கி வைக்கிறேன். அம்மா எப்போது நடப்பார் என்று ஷார்ஜாவில் இருக்கும் தலைமையாசிரியைக்கு எப்படித் தெரியும்?

ஆகவே தேதியை நானே சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று மாதம் என்றால் மே 18. இரண்டு வாரம் கூட்டி ஜூன் 1 என்று கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். நம் பக்கத்துப் பள்ளிகள் திறக்கும் நாள் என்பதால் அது கைக்கு இயல்பாக வந்தது. ஆனால் அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் வகுப்பு தொடங்கி, ஜூலைத் தொடக்கத்தில் கோடை விடுமுறை விட்டு, ஆகஸ்டு கடைசியில்தான் மறுபடி திறப்பார்கள். நீ அங்கே இருந்த நாலு வருடமும் ஜூலையில் ஊருக்கு வந்ததை மறந்துபோனேனே! ஜூன் 1 அன்று சேர்ந்தால் ஒரு மாதம் வேலை செய்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் விடுமுறைச் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது லாபம். பள்ளிக்கு அது தண்டச் செலவு. அப்படி ஒரு தேதியைக் கேட்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம். ஒன்று மே தொடக்கம், இல்லையென்றால் ஆகஸ்டுக் கடைசி. இடையில் எந்தத் தேதியும் நியாயமாகாது.

இதோடு இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருந்தது, அதுதான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது. என்னை எடுத்தது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கு. சி.பி.எஸ்.இ. பாடத்தில் நிலைமின்னியலும் மின்னோட்டமும்தான் முதலில் வரும். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் இந்த இரண்டுக்கும் சேர்த்து 16. ஏப்ரல் முதல் ஜூன் வரை நடத்த வேண்டியதே அந்தப் பகுதிதான். அதுவும் மின்புலக் கோடு, மின்னழுத்தம் என்று பிள்ளைகள் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மனத்தில் வரைந்து பார்க்கப் பழகும் இடம். அந்த இடத்தில் ஆள் மாறினால் வருடம் முழுக்கத் தடுமாறுவார்கள் என்பதை இங்கேயே பார்த்திருக்கிறேன். பொதுத் தேர்வு பிப்ரவரியில் தொடங்கிவிடும். என் அம்மாவுக்காக நான் மூன்று மாதம் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அதே மூன்று மாதத்தை யார் திருப்பித் தருவது? செல்வி, இதை நான் பெரிய வார்த்தைக்காக எழுதவில்லை. இரண்டு இரவு தூக்கமில்லாமல் இதைத்தான் யோசித்தேன்.

அம்மா என்ன சொன்னார் தெரியுமா? அமீரகத்தில் வேலைக்கு எடுப்பவர்கள் பணி வாய்ப்புப் படிவத்தை அரபியும் ஆங்கிலமும் தவிர, தொழிலாளிக்குத் தெரிந்த மூன்றாவது மொழி ஒன்றிலும் தருகிறார்கள். அதற்கென்று உள்ள பட்டியலில் மலையாளமும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. என் பாலக்காட்டு முகவரியைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். தமிழில் அனுப்புங்கள் என்றேன். மலையாளத்தில் வரும் தாலுகா ஆபீஸ் காகிதத்தை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடிய வீடு எங்கள் வீடு. கடலுக்கு அப்பாலிருந்து வந்த தாளை அம்மா கட்டிலில் சாய்ந்தபடி கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வரிவரியாகப் படித்தார். சம்பளம், வீட்டுப்படி, ஆறு மாதத் தகுதிகாண் காலம் எல்லாம் படித்து முடித்துவிட்டு, "ஒத்துக்கிட்ட தேதியில போய்ச் சேரு. சித்தி வந்து இருந்துக்குவா" என்றார். சித்திக்கே முழங்கால் வலி. இரவில் இரண்டு தரம் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க அவளால் ஆகாது. அது அம்மாவுக்கும் தெரியும்.

தம்பி வேறு விதமாகப் பயந்தான். தேதியை மாற்றக் கேட்டால் விசாவுக்கும் மற்றதற்கும் ஆன செலவை என் தலையில் கட்டிவிடுவார்கள் என்று அவனுடைய கூட்டாளி யாரோ சொல்லியிருக்கிறார். அங்கே 2022 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் சட்டத்தில், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதைக் காட்டியபிறகுதான் அமைதியானான். ஆனால் ஒரு விஷயத்தில் அவசரம் இருந்தது. நுழைவு அனுமதி வந்துவிட்டால், அன்றிலிருந்து 60 நாளுக்குள் நாட்டுக்குள் போயாக வேண்டும். அதற்குப் பிறகு தேதி கேட்டால் அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். என் பட்டம் கோவையில் வாங்கியது, பி.எட். கேரளத்தில், இரண்டு சான்றிதழும் இரண்டு மாநிலத்தில் சரிபார்த்து, டில்லிக்குப் போய், தூதரக முத்திரை வாங்கி வர வேண்டும் என்பதால் பட்டச் சான்றிதழ் இன்னும் திரும்பி வரவில்லை. சான்றிதழ் சரிபார்க்கும் கேரள அரசின் கோழிக்கோட்டு நோர்க்கா அலுவலகத்துக்கும் சென்னைக்குமாக அலைந்தபோது எல்லைப்புறத்தில் பிறந்ததற்கு வருத்தப்பட்டேன். அந்தத் தாமதத்தால்தான் அனுமதிக்கு இன்னும் விண்ணப்பிக்காமல் இருந்தார்கள். கேட்பதென்றால் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவதாக எழுதியதுதான் போனது. ஒரு பக்கம்கூட இல்லை. முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிட்டேன்: நான் சேரும் தேதியை மார்ச் 28இலிருந்து கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறக்கும் நாளுக்கு மாற்றித் தர வேண்டும். அடுத்து, அம்மாவின் அறுவை, மருத்துவர் சொன்ன காலம், இணைத்திருக்கும் மருத்துவமனைச் சுருக்கம். மூன்றாவதாக, பன்னிரண்டாம் வகுப்புக்கு இதனால் வரும் இழப்பு எனக்குத் தெரியும் என்றும், முதல் மூன்று பாடங்களுக்கான குறிப்புகளையும் பயிற்சிக் கணக்குகளையும் உடனே அனுப்புகிறேன் என்றும், தேவையென்றால் மாலையில் இணையவழியில் அந்தப் பிள்ளைகளுடைய சந்தேகங்களைத் தீர்க்க முடியும் என்றும் எழுதினேன். கடைசியில், இது முடியாதென்றால் வேறு ஆளை எடுக்கப் போதிய நாள் இருக்கும்போதே தெரிவிக்கிறேன், பள்ளி எந்த முடிவெடுத்தாலும் எனக்கு மனக்குறை இல்லை என்று எழுதினேன். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது கை நடுங்கியது. ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் அதுவும் உண்மை.

அதற்குப் பிறகு ஆறு நாள் பதில் இல்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே மனம் அங்கே போய்விடும். இங்கே வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தாயிற்று. என் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்தும்விட்டார்கள், நல்ல பெண். அவளிடம் போய் இன்னும் மூன்று மாதம் பொறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு நாள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே அழுதுவிட்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தானே சாப்பிட்டார்.

நேற்று முன்தினம் பதில் வந்தது. தலைமையாசிரியை தானே எழுதியிருந்தார். அம்மாவைப் பற்றி இரண்டு வரி, பிறகு நேராக விஷயம். பன்னிரண்டாம் வகுப்பை ஆகஸ்டு வரை ஆளில்லாமல் விட முடியாது. மே முதல் வாரத்தில் வர முடிந்தால் அந்த வகுப்பு எனக்கே. ஆகஸ்டு கடைசியில்தான் வர முடியுமென்றால், அதை அங்கே இருக்கும் ஓர் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்பது, பத்து வகுப்புகளின் அறிவியல். சம்பளமும் அந்த நிலைக்குரியது. வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இரண்டையும் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன். மே முதல் வாரம் என்றால் அறுவை நடந்து பதினொரு வாரம். அம்மா வாக்கர் பிடித்து நாலடி வைக்கத் தொடங்கியிருப்பார். இரண்டாவது தடவை விழுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான், நம்மால் முடியும் என்று துணிந்து தனியாக எழுந்திருக்கும்போதுதான் விழுகிறார்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அப்பா விஷயத்தில் நான் எந்த நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். அன்று பஸ் ஸ்டாண்டுக்கு என்னோடு ஓடி வந்தவள் நீதான். அதை இன்னொரு முறை செய்ய என்னால் முடியாது.

ஆகஸ்டு என்றே நேற்றிரவு பதில் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்; மிகவும் வருத்தம். ஆனால் ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு முழு வருடமும் ஒரே ஆசிரியர் இருப்பார். அந்தத் தலைமையாசிரியை என் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அவர்களைப் பற்றி யோசித்ததற்காகவே அவரிடம் வேலை செய்ய எனக்கு ஆசையாக இருக்கிறது. குறிப்புகளை எப்படியும் அனுப்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். முதல் பாடம் முடிந்தது, இரண்டாவதில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்று உன் பெரியவனிடம் இருந்தது என்று நினைக்கிறேன். இருந்தால் எடுத்து வை, எட்டு வருடமாகிறது நான் அந்த வகுப்பு எடுத்து.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் மாமியாருக்கு வாங்கிய வாக்கர் பரணில் இருக்கிறதா? ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மா எழுந்து நிற்பார். ரப்பர் அடிகள் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறேன். பாலக்காட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் செய். கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்கிறேன். நீயே கொண்டு வந்தால் இன்னும் நல்லது. அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

உன்
கோமதி