சவேரியார் படத்துக்கு எண்ணெய் தடவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள். நவம்பர் பிறந்தாலே நெல்லை, தூத்துக்குடி பக்கத்துக் கோயில்களில் வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். அந்த வேகத்தில், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பீடத்தருகே தொங்கும் சவேரியார் ஓவியத்தையும் இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டிவிடுகிறார்கள். வேலையும் தவறு, காலமும் தவறு.

கான்வாஸ் மேல் பசை, அதன் மேல் வெள்ளைப் பூச்சு, அப்புறம்தான் எண்ணெய் வண்ணம். துடைக்கும் தண்ணீர் வெடிப்புகள் வழியே இறங்கினால் பசை ஊறும், துணி சுருங்கும், வண்ணம் செதில் செதிலாகத் தூக்கிக்கொள்ளும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தடவிய அன்று கறுப்பு அங்கி மின்னத்தான் செய்யும். போகப்போக அதே எண்ணெய் பழுப்பேறி, மெழுகுதிரிப் புகையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுகிவிட்டால், அதை எடுக்கப் போடும் கரைப்பான் அடியிலுள்ள வண்ணத்தையும் கரைக்கும். தேங்காய் எண்ணெயோ காய்வதே இல்லை. தூசி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அடைமழைக் காலத்தில் அடித்த வார்னிஷ் ஈரக்காற்று பட்டு வெளுத்துப்போகும். ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவரில் ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சணம். மணப்பாடு, உவரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. ஓவிய வேலையைப் பங்குனி, சித்திரைக்குத் தள்ளிப்போடுங்கள்; திருநாளுக்குச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, மங்கிய இடத்தில் எனாமல் பெயிண்ட் வைப்பது. 1542இல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரை, 1622இல் புனிதர் பட்டம் கிடைத்தபின் வரைந்தவர்கள் நேரில் கண்டதில்லை. நெஞ்சில் தீச்சுடர், கையில் பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை), சில படங்களில் சிலுவையைக் கவ்விய நண்டு என அடையாளங்களை வைத்தே வரைந்தார்கள். பெயிண்டர் சுடரை இயேசுவின் திரு இருதயமாக்கி, நண்டைப் பாறையாக்கிவிட்டால் படத்திலிருப்பவர் யார் என்றே சொல்ல முடியாது.

பங்குக் கோயிலிலேயே நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இரண்டு பேராகப் படத்தை இறக்கி, மேசையில் முகம் மேலாகக் கிடத்துங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தூக்கி நிற்கும் செதில்கள் நிழலோடு தெரியும். தெரிந்தால் அதோடு கையை எடுத்துவிட வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய, அகலமான, உலர்ந்த பிரஷால் தூசியை மட்டும் தட்டலாம். மாட்டும்போது சட்டத்தின் பின்னால் ஓரங்குலத் தக்கைகள் வைத்தால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும்.

பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது தூரிகை ஓவியமே அல்ல. கான்வாஸ் போலத் தோன்ற வரி பதித்து, வார்னிஷ் பூசிய காகித அச்சுப் படம். பழைய கோயில்களில் இவையும் உண்டு. தண்ணீர் பட்டால் காகிதம் உப்பிவிடும்.

செதில் தூக்கிய படங்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் யோசனை கேட்கலாம். யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் முகப்பு, முதுகு, நான்கு மூலைகளைப் புகைப்படம் எடுங்கள். முதுகில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதன்மேல் புதுத்துணி ஒட்டக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை