கட்டடத்தை அப்புறம் பார்த்துக்கலாம், சுப்பு

கோழிக்கோடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலிக்கு இத்தனை நாள் தைலத்தையே நம்பிக்கொண்டிருந்தவன் ஒருவழியாக டாக்டரிடம் போனாயே, அதற்கே உனக்கு ஒரு மாலை போட வேண்டும். பேத்தி பாளையங்கோட்டையில் காலேஜ் சேர்ந்த சேதி கேட்டு இவளுக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறையும் இல்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய மாணவர் சங்கம் அம்பாசமுத்திரத்தில் பத்துப் படுக்கையோடு ஒரு ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம்) கட்டப் போகிறது, வளைகுடாவில் இருக்கும் பையன்கள் பாதிப் பணம் தருகிறார்கள், ஆற்றங்கரைப் பக்கம் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். "நீதான் அங்கே இதே வேலையாகத் திரிகிறாயே, உன் அபிப்பிராயம் என்ன?" என்றும் கேட்டிருந்தாய். என் அபிப்பிராயம், இப்போதைக்குக் கட்ட வேண்டாம். கோபப்படாமல் மேலே படி.

நான் இதற்குள் வந்தது பெரிய கருணையினால் ஒன்றும் இல்லை. மகள் வீட்டோடு வந்து சேர்ந்த புதிதில், எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்ட் வாத்தியார் (இங்கே 'மாஷ்' என்பார்கள்) ஒருநாள் வாசலில் வந்து நின்று, "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப நாளைக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. காலையில் வண்டி புறப்படும். ஒரு சிஸ்டர், என் மாதிரி ஒரு ஓட்டுநர், கூட ஒன்றோ இரண்டோ பேர். பையில் பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, மூத்திரக் குழாய், அதற்கான பை, மூக்குவழி சாப்பாடு கொடுக்கிற குழாய், மாத்திரைகள். ஒவ்வொரு வீடாகப் போவோம். புற்றுநோய்க்காரர்கள் மட்டும் இல்லை. பக்கவாதத்தில் விழுந்தவர்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத இளவட்டங்கள், மூச்சு வாங்கியே உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், எல்லாரும் உண்டு. இதை இங்கே ஹாஸ்பிஸ் என்று யாரும் சொல்வதில்லை. நோய் தீராவிட்டாலும் வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற இந்தக் கவனிப்புக்கு 'பாலியேட்டிவ்' என்று பேர், அது ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும்.

இது இங்கே வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், உன் சங்கத்துக்கு உபயோகப்படும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சேர்ந்து வலி நிவாரணத்துக்கென்று ஒரு சொசைட்டி ஆரம்பித்தார்கள். நோயாளிகள் வந்தார்கள். ஆனால் எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவன், எழுந்து உட்காரவே முடியாதவன், பஸ் ஏறி எப்படி வருவான்? ரொம்பவும் வேண்டியவன்தான் வர முடியாதவனாக இருந்தான். அதனால் 1999இல் மலப்புறம் மாவட்டத்தில் ஆரம்பித்து, ஊர் ஊராக அங்கங்கே இருக்கிற ஜனங்களுக்கே பயிற்சி கொடுத்து, வாராவாரம் வீட்டுக்குப் போகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். கடைக்காரர்கள், வாத்தியார்கள், மீன் விற்கிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள். பணமும் அப்படித்தான், சில்லறை சில்லறையாகவே சேர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. இப்போது பஞ்சாயத்திலேயே இதற்கென்று நர்ஸ் இருக்கிறார். கவனித்தாயா, முதலில் வந்தது வீட்டுக்குப் போகிற கால்தான்.

இனி நான் பார்த்ததில் ஒன்றிரண்டு சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம்.

ஒரு வீடு. வாயில் புற்று, கன்னம் திறந்துவிட்டது. மனுஷனுக்கு ஐம்பத்தைந்து வயதுகூட இருக்காது. நாங்கள் போனபோது வாசலிலேயே நாற்றம் தெரிந்தது. அவரைப் பின்கட்டில், விறகு போடுகிற சாய்ப்பில் படுக்க வைத்திருந்தார்கள். தட்டைக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். கேட்டவுடன் நமக்கு ஆத்திரம்தானே வரும்? எனக்கு வந்தது. சிஸ்டருக்கு வரவில்லை. அவர் அந்த வீட்டு மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் புண்ணைக் கழுவினார். பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினார். வயிற்றுப்போக்குக்கு நாம் மெடிக்கலில் வாங்குகிற அதே மாத்திரைதான். நாற்றத்தை உண்டாக்குகிற கிருமியை அது கொல்லும். தினமும் எப்படிச் செய்ய வேண்டும் என்று மருமகளையே ஒருமுறை செய்யவைத்தும் பார்த்தார். அடுத்த தடவை போனபோது கட்டில் முன்னறைக்கு வந்திருந்தது. பேரன் காலடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நோய் ஒரு துளியும் குறையவில்லை, சுப்பு. வாடைதான் குறைந்திருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. என்ன செய்வதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் பத்துப் படுக்கை இருந்திருந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் போட்டிருப்பார்கள். பேரன் கணக்குப் போட்டிருக்க மாட்டான்.

இன்னொரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். வாசலிலேயே அந்த அம்மா என்னை மறித்து, "அவருக்கு என்ன நோய் என்று தெரியாது, வாய் தவறிச் சொல்லிடாதீங்க" என்றார். உள்ளே போனால், அந்த அம்மா காபி போடப் போன நேரம் பார்த்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எல்லாம் தெரியும், அவளுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாள்" என்றார். இந்தக் கூத்து நம் ஊரில் எத்தனை வீட்டில் நடக்கிறது! இதில் புகுந்து நியாயம் சொல்வது என் வேலை இல்லை. மாஷ் அதில் கெட்டிக்காரர். நாலு வாரம் சும்மா வானிலை, வாழை, மகன் கல்யாணம் என்று பேசிக்கொண்டே இருந்து, அவர்களே ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளும்படி செய்துவிட்டார். அப்புறம்தான் நிலப் பட்டா, பேங்க் கணக்கு எல்லாம் பேசி முடித்தார்கள். பெண்ணை வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள்.

நாங்கள் செய்கிற மற்ற வேலைகளில் பிரசங்கத்துக்கு இடமே இல்லை. ரேஷன் வாங்கிக் கொடுப்பது, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், ஸ்கேன் எடுக்க ஆட்டோ, விதவைப் பென்ஷனுக்கு மனு. முதுகுப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் பகலும் ஒற்றை ஆளாக அதைச் செய்கிறவளுக்கு முதுகு ஒடிந்துவிடும். காற்றுப் படுக்கை ஒன்று கொண்டுபோய்ப் போட்டால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அந்த ஆள் போன பிறகு துக்கம் கேட்கப் போவோம். சில வாரம் கழித்து அந்தப் படுக்கையைக் கழுவி எடுத்து வந்து வேறொரு வீட்டில் போடுவோம்.

நான் அதிகமாகச் செய்கிற வேலை எது தெரியுமா? சும்மா உட்கார்ந்திருப்பது. பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி, கோயில், குளம் கிடையாது. "இரண்டு மணி நேரம் நான் இருக்கிறேன், போய்ட்டு வாங்க" என்பேன். ஒரு அம்மா அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் தூங்கிவிட்டு வந்தார். வேறெங்கும் போகவில்லை.

மருந்து விஷயம் ஒன்று முக்கியம், உன் சங்கத்து டாக்டரிடம் சொல். தாங்கமுடியாத புற்றுவலிக்கு அபினிலிருந்து எடுக்கிற மார்ஃபின் மாத்திரைதான். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், வலி வருகிறதோ இல்லையோ கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மாத்திரை. "அடிமையாகிவிடுவார்", "அது கடைசி மருந்து, அதைக் கொடுத்தால் ஆள் போய்விடுவார்" என்றெல்லாம் நம் டாக்டர்களே பயப்படுவார்கள். சரியான அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். வலியில்லாமல் தூங்கி எழுந்து பேப்பர் படிக்கிறவர்களை நான் பார்க்கிறேன். 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு ஆஸ்பத்திரிகள் இதைத் தொடவே அஞ்சின. நாலைந்து லைசென்ஸ், ஒவ்வொன்றும் ஒரு ஆபீஸ். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சோர் பக்கம் அரசாங்க அனுமதியோடு அபின் விளைந்து வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. இங்கே நோயாளி ஒரு மாத்திரைக்கு அலறிக்கொண்டிருந்தான். 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்கினால் போதும். இருப்புக் கணக்கு ஒழுங்காக எழுத வேண்டும். எங்கள் சிஸ்டர், ஆள் இறந்த வீட்டில் மிச்ச மாத்திரையை எண்ணி வாங்கிக்கொண்டுதான் வருவார்.

இப்போது உன் கட்டடம். படுக்கை வேண்டியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீடே இல்லாதவர்கள், பார்க்க ஆள் இல்லாதவர்கள், வீட்டில் சமாளிக்க முடியாத வலி, இவர்களுக்கு இடம் வேண்டும். மும்பையில் சாந்தி அவேத்னா என்ற ஹாஸ்பிஸ் 1986இலிருந்து அப்படி நடக்கிறது. சென்னையில் ஜீவோதயா இருக்கிறது. ஆனால் பத்துப் படுக்கை என்றால் மூன்று ஷிப்டுக்கு நர்ஸ், சமையல், துப்புரவு, கரண்ட், ராத்திரி டாக்டர். கட்டுவதற்குத் துபாய்ப் பணம் வரும். கல்வெட்டில் பேர் வரும் அல்லவா? மூன்றாம் வருஷம் நர்ஸ் சம்பளத்துக்கு எந்தக் கல்வெட்டு? தவிர, 'சாகிறவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம்' என்று ஊரில் ஒரு பேர் விழுந்துவிட்டால், அப்புறம் உதவி வேண்டியவன்கூட வாசல்படி மிதிக்கமாட்டான். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்று ஹாஸ்பிஸ் திறந்தார், நீயும் எழுதியிருந்தாய். அவரே இரண்டு வருஷத்தில், 1969இல், வீடுகளுக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார் என்பதை உன் சங்கத்துச் செயலாளர் எங்கேயும் படிக்கவில்லை போலிருக்கிறது.

நான் உன் இடத்தில் இருந்தால் முதலில் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இல்லை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் (நான் சொல்கிற பாலியேட்டிவ்தான்) வீட்டுக்கு வரும். அதற்கான நர்ஸ் யார், வாரத்தில் எந்தக் கிழமை எந்தப் பக்கம் போகிறார் என்று கேள். ஒரே ஆள் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? அவரோடு வண்டியும் இரண்டு ஆளும் கூடப் போனால் அதுவே பெரிய ஒத்தாசை. கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து வி.கே.புரம் வரைக்கும் படுத்துக் கிடப்பவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்கு ஆள் தேட வேண்டாம். கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களிடம் கேட்டால் எந்தத் தெருவில் யாருக்கு என்ன என்று உட்கார்ந்த இடத்தில் சொல்வார்கள். அவர்களில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் சங்கத்தில் இருக்கிற நாம் அத்தனை பேரும் சேர்ந்து செய்வதைவிட நன்றாகச் செய்வார்கள். துபாய்ப் பணத்தில் நாலு காற்றுப் படுக்கை, இரண்டு சக்கர நாற்காலி, ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வாங்கிப் போடுங்கள். ஒரு நர்ஸுக்கு இரண்டு வருஷச் சம்பளத்தை பேங்கில் போட்டு வையுங்கள்.

ஆள் சேர்க்கும்போது இரண்டு ரகத்தை மட்டும் தள்ளி வை. ஒன்று, போன இடத்தில் எல்லாம் "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூலிகை குடிச்சு மூணே மாசத்துல சரியாச்சு" என்கிறவன். இன்னொன்று, அரிசிப் பையைக் கையில் கொடுக்கும்போது போட்டோ எடுக்கச் சொல்கிறவன். இங்கே அது கண்டிப்பு. நோயாளி வீட்டில் போன் சட்டைப் பையை விட்டு வெளியே வரக் கூடாது. எந்தச் சாமியைப் பற்றியும் பேசக் கூடாது. நம் சங்கம் ஃப்ளெக்ஸ் போர்டு இல்லாமல் ஒரு தண்ணீர்ப் பந்தல்கூட வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்லே.

கடிதத்தில் எவ்வளவு எழுதினாலும் நேரில் பார்க்கிற மாதிரி வராது. நீயும் அந்தச் செயலாளரும் ஒருநடை வாருங்கள். ஜனவரி 15 இங்கே பாலியேட்டிவ் தினம். அன்றைக்கு வரவேண்டாம், ஊர்வலமும் பேச்சுமாக இருக்கும். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில் வாருங்கள். விடியுமுன்னே நாகர்கோவிலில் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறினால் சாயங்காலம் இங்கே இறங்கலாம். மறுநாள் காலை வண்டியில் உங்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டு வைக்கிறேன். செயலாளர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல், சேறும் சகதியுமான பாதை. வரும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு. இவள் உளுந்தா அரிசியா என்று கேட்கச் சொன்னாள், இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிவிடு.

உன்
கணேசன்