தீபாவளி இரவை எட்டு மணிக்குப் பிறகு இருட்டாக விடுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையோர ஊர்களின் ஆலய பரிபாலன சபையினருக்கும் விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும்,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டது. பின்னேரமானால் மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வளவுக்குள் தவளைகள் கத்தத் தொடங்கிவிட்டன, கடைகளில் சீனவெடியும் வந்துவிட்டது. இந்த நாட்களில்தான் எங்கள் வேலியோரத்துக்கு ஒரு விருந்தாளி வரும். அதற்காகத்தான் இந்த மடல்.

ஆறுமணிக் குருவியின் குரலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள், பார்த்தவர்கள் குறைவு. விடியும்போதும் பொழுதுபடும்போதும் வேலிக்குள்ளிருந்து விசிலடிப்பது அதுதான். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணோடு சேர்ந்து ஓடும் கறுப்புக் கோடு, செட்டையில் மினுங்கும் நீலம். வாலே இல்லையோ என்று நினைக்கவைக்கும் கட்டை வால். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, கடல் தாண்டி ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு வரும், சித்திரை வரை இருக்கும். அவ்வளவு தூரத்தையும் அது இரவில்தான் பறக்கிறது.

தீபாவளியோ ஐப்பசித் தேய்பிறையின் கடைசியில், நிலா இல்லாத இரவை ஒட்டி வருகிறது. அந்த இருட்டில் எங்கள் வெளிச்சமும் வெடியும் பறந்து வரும் குருவியைத் தடுமாற வைக்கும். போன தீபாவளிக்கு இரவு பத்தரை மணிக்கும் பக்கத்து மைதானத்தில் வானவெடி ஓயவில்லை. பெரிய லைட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் விறாந்தைக் கண்ணாடியில் 'டொக்' என்று ஏதோ அடித்தது. போய்ப் பார்த்தால் ஆறுமணிக் குருவி, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. சப்பாத்துப் பெட்டிக்குள் துணி விரித்து வைத்தோம். ஒவ்வொரு வெடிக்கும் அதன் உடம்பு துள்ளியது. விடியுமுன் செத்துவிட்டது. செவ்வரத்தையடியில் என் மகள் குழி தோண்டினாள், அன்று முழுக்க அவள் யாரோடும் கதைக்கவில்லை.

வெடியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தட்டும், சீனவெடியும் வெடிக்கட்டும். எட்டு மணியோடு நிறுத்துவோம் என்று ஆலய ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். அப்புறம் மைதான லைட்டையும் கோபுரத்து லைட்டையும் விடியும்வரை அணைத்துவிடுங்கள், முடிந்தால் ஐப்பசி முழுக்க.

இன்னொன்று சருகு. தீபாவளிக்கு முன் வளவைக் கூட்டி, குவித்துக் கொளுத்துவது எங்கள் வழக்கம். ஆறுமணிக் குருவி சாப்பிடுவது அந்தச் சருகுக்குள்தான். இலையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் பிடிக்கும். அரணையும் தேரையும் ஒளிந்திருப்பதும் அங்கேதான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் இந்த ஊர் வளவுகளில் எத்தனை மாவும் பலாவும் சாய்ந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் திரும்ப நட்டு வளர்த்த நிழலில்தான் இன்று குருவி வந்து இறங்குகிறது. முற்றத்தைக் கூட்டுங்கள், சரி. வேலியோரத்துச் சருகை மட்டும் கிடக்க விடுங்கள்.

லைட் அணைந்தால், மழை முகில் விலகிய இரவில் ஒன்பது மணியளவில் கிழக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தெரியும். அடுத்த மாதமான கார்த்திகையில், வீடெல்லாம் விளக்கேற்றும் விளக்கீட்டன்று முழுநிலா அதை அண்டித்தான் நிற்கும். மாதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கல்லடிப் பாலத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். இப்போதைய வெளிச்சத்தில் என் மகளுக்கு அங்கிருந்து காட்ட முடியவில்லை.

உங்கள் அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் தாருங்கள், நேரில் வந்து கதைக்கிறேன். விசில் எப்படி இருக்கும் என்று காட்ட மகளும் வருவாள்.

அன்புடன்,
வாவிக்கரையில் குடியிருக்கும் ஒரு தாய்