கிறிஸ்மஸ் மலர்ல பிடி அரிசிக்கும் கொஞ்சம் இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் டிசம்பர் வந்தா உங்க பேப்பர்ல கிறிஸ்மஸ் சிறப்புப் பக்கம் போடுறீங்க, சந்தோஷம். ஆனா அதுல என்ன இருக்குன்னு பாத்தா லைட் போட்ட வேளாங்கண்ணி கோயில் படம், பிளம் கேக் செய்முறை, ஒரு பிஷப்போட வாழ்த்துச் செய்தி, அம்புட்டுதான். மத்த நாள்ல எங்களைப் பத்தி வர்றது பூரா அற்புத சுகமளிக்கும் கூட்டத்து விளம்பரம். விசா கிடைச்சுது, லோன் கிடைச்சுது, கார் வாங்கியாச்சுன்னு மேடையில சாட்சி சொல்றாங்களே, அதைப் பொய்னு நான் சொல்லல, ஆனா விசா கிடைக்காத பையனோட அம்மாவும் அதே கூட்டத்துலதான் உக்காந்திருக்கா, அவ எதைக் கேட்டு மனசைத் தேத்திக்கிட்டு வீட்டுக்குப் போவா?

எங்க தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் சபைகள்ல பிடி அரிசினு ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலேருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனியா ஒரு டப்பாவுல போட்டுட்டு, ஒரு சின்ன ஜெபம், அப்புறம் மிச்சத்தைக் கழுவி அடுப்புல ஏத்துறது. சேர்ந்ததும் கோயில்ல கொண்டுபோய்க் குடுத்துருவாங்க, அது ஏழைக்கோ ஊழியத்துக்கோ போகும். எல்லார் வீட்டு அரிசியும் ஒண்ணாக் கொட்டினா ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி, புழுங்கல் எல்லாம் கலந்து கிடக்கும், பாதி வேகும் பாதி குழையும், அதை வாங்குறவங்க மாவுக்குத்தான் போடுவாங்க இல்லேன்னா கோழிக்கு. எங்க ஐயரம்மாவே சிரிச்சுக்கிட்டு சொல்லுவாங்க (எங்க ஊர்ல பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், வேற யாரும்னு நினைச்சுக்காதீங்க). இப்ப கோயில் வாசல்ல க்யூஆர் கோடு ஒட்டியாச்சு, அதுவும் நல்லதுக்குத்தான், ஆனா டப்பா வைக்கிற வீடு குறைஞ்சுக்கிட்டே வருது.

இதைச் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. வெள்ளாளன்விளையில பிறந்து பின்னாடி பிஷப் ஆன அசரியாவும் அவரோட கூட்டாளிங்களும் 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சப்போ வெளிநாட்டுப் பணமே வேண்டாம், நம்ம சனங்க குடுக்கிறதை வச்சே நடத்துவோம்னு ஆரம்பிச்சாங்க, அந்தச் சனங்கள்ல பனையேறிப் பொழைச்சவங்கதான் எத்தனை பேரு. மிசோரம்ல 1910-லேருந்து இதே பிடி அரிசி நடக்குது, இன்னைக்கும் அங்கத்த சபைக்குப் பெரிய வருமானங்கள்ல அது ஒண்ணு. காஞ்சிப் பெரியவர் கூட பிடி அரிசித் திட்டம்னு ஒண்ணு நடத்தச் சொல்லியிருக்கார், ஆகவே இது எங்களுக்கு மட்டும் சொந்தம்னு நான் சண்டைக்கு வரல.

எனக்கு இதுல பிடிச்சதே வேற. எலியா தீர்க்கதரிசி பஞ்ச காலத்துல சாறிபாத் ஊர்ல ஒரு விதவைகிட்ட போய் அப்பம் கேக்குறார். அவகிட்ட இருந்ததும் ஒரு பிடி மாவுதான், கொஞ்சம் எண்ணெய், ரெண்டு விறகு பொறுக்கிக்கிட்டு இருக்கா, இதைச் சுட்டுத் தின்னுட்டு நானும் பிள்ளையும் சாக வேண்டியதுதான்னு சொல்றா. அவ குடுத்தா, மாவு தீரல. நம்ம பிரசங்கிமார் இதை ஆசீர்வாதம் பொங்கி வழிஞ்ச கதையா சொல்றாங்க, ஆனா வாசிச்சுப் பாருங்க, மூட்டை மூட்டையா மாவு வந்துச்சுன்னு எங்கயும் இல்ல, பானையில மாவு தீரல, அவ்வளவுதான் இருக்கு. மழை வர்ற வரைக்கும் அவ தெனமும் பானைக்குள்ள கையை விட்டுத்தான் பாத்திருப்பா, தெனமும் அன்னைக்குள்ளதுதான் இருந்திருக்கும். இயேசு சொல்லிக்குடுத்த ஜெபத்துலயும் அன்றன்றைக்குள்ள ஆகாரம்தான் கேக்கச் சொல்லியிருக்கார், மாசச் சாமான் லிஸ்ட் இல்ல. கையில இருக்கிறது இம்புட்டுதான்னு தெரிஞ்சும் அதுல ஒரு பிடியைத் தள்ளி வைக்கிறவ, நாளைக்கும் அடுப்பு எரியும்னு நம்பித்தானே வைக்கிறா, எனக்குத் தெரிஞ்ச கிறிஸ்தவ நம்பிக்கை அதுதான்.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டித் தீத்துச்சு. 17-ம் தேதி ராத்திரி திருச்செந்தூர்லேருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னு போச்சு, சுத்தி வெள்ளம், கிட்டத்தட்ட 800 பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. பக்கத்துல புதுக்குடி சனங்கதான் தங்களோட ஊரே தண்ணியில தவிக்கும்போது அரிசி பருப்பு சேத்து ஆக்கிப் போட்டாங்க, ஹெலிகாப்டர் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. அவங்க என் சபைக்காரங்க இல்லைனு எங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் மூஞ்சியைச் சுளிச்சார். சாறிபாத் விதவை மட்டும் இஸ்ரவேல்காரியா என்ன? சீதோன் நாட்டுக்காரி. இஸ்ரவேல்ல எத்தனையோ விதவைங்க இருக்க அவகிட்டதான் எலியா அனுப்பப்பட்டான்னு இயேசுவே தன் சொந்த ஊர் ஜெப ஆலயத்துல சொன்னார், அதைக் கேட்டு கோவப்பட்டுத்தான் அவரை மலை உச்சியிலேருந்து தள்ளப் பாத்தாங்க. அந்த ஊர் பேரும் நாசரேத்துதான், எங்க ஊர் பேரும் நாசரேத்துதான், அதனால நாங்க கொஞ்சம் ஜாக்கிரதையாவே பேசணும்.

ஆகவே ஐயா, இந்த வருஷம் கேக் குறிப்பு ஒண்ணைக் குறைச்சுட்டு பிடி அரிசி எடுத்து வைக்கிற அம்மாமார் நாலு பேரைப் பாத்துப் பேட்டி போடுங்க, புதுக்குடியிலயும் ரெண்டு பேரைப் பாருங்க. போன்ல கேட்டா "அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு"னு வச்சுருவாங்க. நிருபரைக் காலையில உலை வைக்கிற நேரத்துக்கு நேர்லயே அனுப்புங்க, சாப்பிட வச்சுத்தான் விடுவாங்க, அதுக்கும் தயாரா வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்