உன் தாடையில வர்ற அந்த டக் சத்தம்

டேய் மணி,

லெட்டர் கிடைச்சுது, பேத்தி பொறந்த சேதி படிச்சு ரொம்ப சந்தோஷம்டா. நான் நல்லா இருக்கேன், முட்டி வலிதான் விட்டபாடில்ல, மத்தபடி அதே டிசெக்ஷன் ஹால், அதே ஃபார்மலின் நாத்தம்.

கொட்டாவி விட்டா காதுக்கு முன்னாடி டக்குனு சத்தம் வருது, காது டாக்டர் காதுல ஒண்ணுமில்லன்னுட்டார்னு எழுதியிருந்தியே, அது அனேகமா தாடை மூட்டுதான். அந்த மூட்டுன்னா லேட்டரல் டெரிகாய்டு தசைய விட்டுட்டுப் பேச முடியாது. மெல்லுறதுக்குன்னு இருக்கற தசை நாலு ஜோடி, அதுல மாசெட்டர், டெம்போராலிஸ், மீடியல் டெரிகாய்டு மூணும் வாயை மூடுற கோஷ்டி, இது ஒண்ணுதான் தொறக்க உதவுறது. பல்லைக் கடிச்சா கன்னத்துல புடைக்குதே அது மாசெட்டர், இது அப்படிக் கைக்கு சிக்காது, ரொம்ப உள்ள இருக்கு. ரெண்டு தலை இதுக்கு, மேல் தலை ஸ்பீனாய்டு எலும்புல இருந்தும் கீழ் தலை அதே எலும்புல தகடு மாதிரி தொங்கற டெரிகாய்டு பிளேட்டோட வெளிப்பக்கத்துல இருந்தும் கிளம்பி, பின்னாடி போய் காண்டைலோட, அதாவது மூட்டுல உக்கார்ற தாடை எலும்பு உருண்டையோட, கழுத்துல ஒட்டுது, மேல் தலையில கொஞ்சம் நார் மட்டும் மூட்டு உறைக்கும், மூட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க்குக்கும் போகும்.

ரெண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தா தாடை முன்னாடி வரும், ஒரு பக்கம் மட்டும் இழுத்தா எதிர்ப்பக்கம் போகும். அதனால ஒரு பக்கத்துல இந்த தசைக்குப் போற நரம்பு அடிபட்டா, வாயைத் தொறக்கும்போது தாடை அடிபட்ட பக்கமே கோணும். வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, இதை மாத்திச் சொல்லாத பேட்ச்சே கிடையாது!

உன் சத்தத்துக்கு வர்றேன். டிஸ்க் கொஞ்சம் முன்னாடி நழுவியிருந்தா, வாயைத் தொறக்கும்போது காண்டைல் அது மேல தாவி ஏறும், அதான் டக். மேல் தலை இறுகி டிஸ்க்கை இழுத்துடுதுன்னு ஒரு விளக்கம் உண்டு, நார்ல பெரும்பகுதி எலும்புக்கே போறதால எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல. வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லடா. கடைவாய்க்குப் பின்னாடி விரல விட்டு இந்த தசைய அமுக்கச் சொல்லி எவனாவது சொன்னா கேக்காத, விரல் அதுவரைக்கும் போகுமாங்கறதே சந்தேகம்.

ஆனா கொட்டாவிய ரொம்ப அகலமா விடாத, காண்டைல் முன்னாடி இருக்கற எலும்பு மேட்டைத் தாண்டிப் போயிட்டா தசையெல்லாம் இறுகிப் பூட்டிக்கும், வாய் மூடவே வராது. டாக்டர் கட்டைவிரல்ல துணி சுத்தி, கீழ்க் கடைவாய்ப் பல்லு மேல வச்சு, முதல்ல கீழ அழுத்தி அப்புறம் பின்னாடி தள்ளுவார், துணி எதுக்குன்னா படக்குனு உக்காரும்போது விரல கடிச்சுடுவான்ல. தாடைக் கழுத்து உடைஞ்சாலும் இதே தசைதான் உடைஞ்ச எலும்புத் துண்டை முன்னாடியும் உள்பக்கமுமா இழுத்துட்டுப் போயிடும்.

இப்பவே வாயைத் தொறந்து பாரு, உன் விரல் மூணு ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிமித்தி வச்சு நுழைஞ்சா பயமில்ல, நுழையலன்னாலோ வலிச்சாலோ பல் டாக்டர்கிட்ட போ. பாத்துட்டு எழுது.

உன்
ராஜா