மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி சொல்லுங்கள்: ஆளும் தரப்பு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

இலங்கையில் மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று கேட்டால், புதிய கலப்புத் தேர்தல் முறைக்கான தொகுதிகளின் எல்லை நிர்ணயம் முடியட்டும் என்ற அதே பதில் மறுபடியும் வருகிறது. அந்த எல்லை நிர்ணயத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்.

வடக்கு மக்கள் மாகாண சபைக்கு வாக்களித்தது ஒரேயொரு தடவை, 2013 செப்டெம்பரில். 1988 இல் இங்கே போட்டியே இருக்கவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர்தான் எல்லாம். எங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் தாய்மார் உங்களைப் போன்ற ஓர் உறுப்பினரிடம் போனால், அது மாகாணத்தின் பொறுப்பு என்கிறார். மாகாணத் திணைக்களத்துக்குப் போனால், மேலிடம் முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். மேலிடம் என்றால் ஆளுநர். அவரை அனுப்பியது ஜனாதிபதி. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தத் தாய்மார் யாரிடம் சொல்வது?

தேர்தலை நடத்துங்கள். கேட்பது அவ்வளவுதான்.

தெற்கில் வாக்குப் போய்விடுமே என்ற பயம் இந்த நாட்டில் எத்தனை உடன்பாடுகளைத் தின்றிருக்கிறது! 1957 இல் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் செய்த அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தை, பிக்குமார் வீட்டு வாசலுக்கு வந்ததும் மறு ஆண்டே கைவிட்டார். 2015 இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், நாமே இணை அனுசரணை வழங்கிய பொறுப்புக்கூறல் தீர்மானத்திலிருந்து, ஆட்சி மாறியதும் 2020 இல் விலகினோம். அப்புறம் உலகம் எங்களை நம்புவதில்லை என்று குறைப்படுகிறோம். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழியே மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை டில்லி நினைவூட்டினால் மட்டும் இறையாண்மை ஞாபகம் வந்துவிடும்.

உங்களுக்கு அந்தப் பயமும் தேவையில்லை. 225 ஆசனங்களில் 159 உங்களுடையவை. யாழ்ப்பாண மாவட்டமே ஆறில் மூன்றைத் தந்தது. 2006 இல், ஒரே மாகாணமாக இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனதும் உங்கள் கூட்டணியின் மூத்த கட்சியான ஜே.வி.பி.தான். சரி, பிரித்தீர்கள். பிரித்த சபைகளையாவது இயங்க விடலாமே?

கோபத்தில் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். பழைய விகிதாசார முறையில் தேர்தல் நடத்தச் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் போதும். அதை அடுத்த அமர்விலேயே கொண்டுவந்து, தேர்தல் திகதிக்கு வழிவிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட மாகாண வாக்காளர் ஒருவர்